கைக்கு ஊசி வந்தது... காலுக்கு வழி வரவில்லை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பி என்னிடம் வந்தபோது, "அண்ணே, நீங்க சிங்கப்பூர்ல இருந்த ஆளு. செந்தோசா, பெரிய பெரிய பில்டிங், அப்படி ஜாலியா ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார். செந்தோசாவுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். பெரிய பில்டிங்குகளைக் கீழே இருந்து பார்த்ததை விட, உள்ளே பைப் லைன் போட்டுக்கொண்டு பார்த்ததுதான் அதிகம். எனக்கு நன்றாகத் தெரிந்தது 12 கட்டில் போட்ட ஒரு அறையும், அதன் கதவும்தான். ஆகவே அந்தக் கதவைப் பற்றியே எழுதுகிறேன். ஜாலியாக இல்லை என்றால் மன்னிக்கவும்.

வகுப்பில் என்னை எல்லோரும் "அண்ணா" என்று கூப்பிடுவது ஏன் என்று முதலாண்டுத் தம்பிகளுக்குத் தெரிந்திருக்காது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு, ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணி, 2018ஆம் ஆண்டு வொர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போனவன் நான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காக அப்பா ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்தார். அந்த நிலத்தை மீட்ட பிறகு ஊர் திரும்பி, நேரடி இரண்டாம் ஆண்டில் இங்கே சேர்ந்தேன். 'சம்பாதிச்சுக்கிட்டு இருந்தவன் எதுக்குப்பா மறுபடியும் படிக்க வந்தே?' என்று கேட்காத ஆள் இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தால் காரணம் புரியும்.

ஒரு நாள் என்பது எப்படி இருக்கும்?

காலை நாலரை மணிக்கு எழுந்தால்தான் பாத்ரூம் க்யூவில் முன்னாடி நிற்கலாம். வாசலில் கேட்டரிங் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து கிடக்கும். ராத்திரியே ஆக்கி, விடிவதற்குள் கொண்டுவந்து வைத்த சோறு அது. அதைப் பையில் போட்டுக்கொண்டு லாரி ஏற வேண்டும். ஆமாம், லாரிதான். பின்னால் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து போவோம். மதியம் ஒரு மணிக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் வாசனையை இங்கே எழுத வேண்டாம். நம்ம ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டும் நண்பர்களுக்கு ஒரு வாரம் அதைக் கொடுத்தால் மெஸ் மாஸ்டருக்கு மாலை போடுவார்கள்!

ஓ.டி. முடிந்து அறைக்கு வர ராத்திரி ஒன்பது, ஒன்பதரை. துணி துவைத்து, வீட்டுக்கு ஃபோன் பேசிவிட்டுப் படுத்தால், தலைக்கு மேல் கட்டிலில் இன்னொருவர், கால்மாட்டில் இன்னொருவர். 12 பேர், ஒரு அறை.

இந்த ஆறு நாளையும் தாங்க வைப்பது ஏழாவது நாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா! லிட்டில் இந்தியா என்பதை நாங்கள் தேக்கா என்றுதான் சொல்வோம். அங்கே போய் வீட்டுக்குப் பணம் அனுப்பி, முடி வெட்டி, ஊர்க்காரனைத் தேடிப் பிடித்து, புல் தரையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால்தான் அடுத்த திங்கட்கிழமை லாரியில் ஏறத் தெம்பு வரும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது கூட்டம். எங்களுக்கு அது ஒரு வாரத்து உயிர்.

கதவு மூடிய நாள்

2020ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி சிங்கப்பூரில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அப்போது எங்களுக்கு அது டி.வி. செய்தி. ஏப்ரல் மாதம் அது எங்கள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி இரண்டு தொழிலாளர் விடுதிகளைத் தனிமைப் பகுதி என்று அறிவித்தார்கள். 7ஆம் தேதி நாடு முழுவதும் கட்டுப்பாடு. அடுத்த சில நாட்களில் எங்கள் விடுதி வாசலும் மூடப்பட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் பட்டினி போடவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. முகக்கவசம், தெர்மாமீட்டர், இலவச இணைய வசதி எல்லாம் கொடுத்தார்கள். விடுதிக்குள்ளேயே டாக்டர்கள் வந்தார்கள். நோய் வந்தவர்களுக்கு மருத்துவம் இலவசம். எக்ஸ்போ என்ற பெரிய கண்காட்சி மண்டபத்தையே படுக்கை போட்டுச் சிகிச்சை மையமாக மாற்றினார்கள். இறந்தவர்கள் மிகச் சொற்பம். அதே 2020 மார்ச் கடைசியில், நம் நாட்டில் ஊரடங்கு போட்டதும் கூலித் தொழிலாளர்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்து போனதை ஃபோனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆகவே நன்றி கெட்டவன் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம்.

ஆனால் நோய் எப்படிப் பரவியது? எங்கள் அறையில் 12 பேரில் ஐந்து பேரை ஒவ்வொருவராகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கும்பகோணத்து அண்ணன் ஒருவர் போகும்போது தன் மணிபர்ஸை என் கையில் கொடுத்து, "திரும்பி வரலைன்னா வீட்டுக்கு அனுப்பிடு" என்றார். நல்லபடியாக மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். பிறகு எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபோது, எந்த அறிகுறியும் இல்லாமல் இன்னும் இரண்டு பேருக்கு வந்து போயிருந்தது தெரிந்தது. ஆக, 12க்கு 7.

எங்கள் அறை மட்டும் இப்படியா? இல்லை. 2020 டிசம்பரில் அரசே கணக்கு வெளியிட்டது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்கு அந்த நோய் வந்து போயிருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர்! ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்க வேண்டும் என்ற மாதிரி அறை கட்டினால், சமூக இடைவெளி என்று நான்கு மொழியில் போஸ்டர் ஒட்டி என்ன பயன்? ஒரு மீட்டர் தள்ளி நில் என்றால், கட்டிலே ஒரு மீட்டர் தள்ளி இல்லையே!

ஊசியும் பயமும்

2020 டிசம்பர் 30ஆம் தேதி சிங்கப்பூரில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2021 மார்ச்சில் விடுதித் தொழிலாளர் பக்கம் வந்தது. ஏப்ரல் மாதம் எங்கள் கம்பெனியில் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி எல்லோருக்கும் தைரியம் சொல்வதற்காக அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை, இதய ரத்தக் குழாயில் இருந்த அடைப்புதான் காரணம் என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். பின்னால் ஆராய்ந்த மத்திய அரசுக் குழுவும் ஊசி காரணமல்ல என்றே சொன்னது. ஆனால் வாட்ஸ்அப்புக்கு அதெல்லாம் தெரியுமா? அன்று ராத்திரி எங்கள் அறையில் யாரும் தூங்கவில்லை.

"நான் போட்டுக்க மாட்டேன்டா. ஊர்ல பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

"போடலைன்னா பெர்மிட்டைக் கேன்சல் பண்ணிடுவானா?"

"பாரத்துல என்னடா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு."

ஊசி கட்டாயமில்லை, விருப்பம்தான் என்றுதான் அப்போது விதி. ஆனால் நண்பர்களே, ஆபீஸ்காரர் பட்டியலோடு வந்து "யார் யார் போடலை?" என்று கேட்கும் இடத்தில், விருப்பம் என்ற வார்த்தைக்கு என்ன எடை இருக்கும்? கடன்காரனுக்கு விருப்பம் ஏது?

எங்களைக் காப்பாற்றியது ஒரு சூப்பர்வைசர். நாமக்கல் பக்கத்துக்காரர். நம்மைப் போல ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சிவில் படித்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களை உட்கார வைத்து, அந்தப் பாரத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அலர்ஜி உண்டா, காய்ச்சல் இருக்கிறதா, வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இவ்வளவுதான் கேள்விகள். பிறகு ஊசி என்ன செய்யும் என்று சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"வொர்க்‌ஷாப்ல ஜாப் செய்யறதுக்கு முன்னாடி டிராயிங் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. இந்த ஊர்ல போடற ஃபைசர், மாடர்னா ரெண்டுமே அந்த வகைதான். வைரஸ் முழுசுக்கும் டிராயிங் கிடையாது. அது மேல முள்ளு முள்ளா நிக்குதே, அந்த ஒரு பார்ட்டுக்கு மட்டும் டிராயிங். உடம்பு அதைப் பாத்து அந்த ஒரு பார்ட்டை மட்டும் செய்யும். 'ஓ, இதுதான் திருட்டுப் பய மூஞ்சி'ன்னு ஞாபகம் வச்சுக்கும். கொஞ்ச நாள்ல அந்த டிராயிங் தானா அழிஞ்சுடும். ஞாபகம் மட்டும் நிக்கும். விவேக் சார் போட்டுக்கிட்டது வேற வகை மருந்து. அதுவும் அவரைக் கொல்லலை. ஊசி போட்டா கை வலிக்கும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். அபூர்வமா சில பேருக்கு அலர்ஜி வரலாம். அதுக்குத்தான் போட்டதும் 30 நிமிஷம் உக்கார வைக்கிறாங்க."

அப்போது தேவகோட்டை அண்ணன் மெல்ல எழுந்தார். 50 வயதை நெருங்குபவர். "தம்பி... எனக்குப் பிரஷர் இருக்கு. மூணு வருஷமா யாருக்கும் தெரியாம ஊர்ல இருந்து மாத்திரை வரவழைச்சுச் சாப்பிடறேன். இதுல எழுதினா ஊருக்கு அனுப்பிடுவாங்களா?" என்றார்.

யாரும் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடம் படுத்திருந்த எனக்கே அது தெரியாது. கட்டுமானச் சாரத்தில் ஏறி வேலை செய்கிற ஒரு மனிதர், தலைசுற்றி விழுந்தாலும் பரவாயில்லை, வேலை போகக்கூடாது என்று மூன்று வருடம் மாத்திரையை மறைத்துச் சாப்பிட்டிருக்கிறார்!

சூப்பர்வைசர், "அண்ணே, மறைக்காம எழுதுங்க. டாக்டர்கிட்ட நானே கூட வந்து சொல்றேன்" என்றார். சொன்னபடியே கூடப் போனார். டாக்டர் பிரஷர் பார்த்தார், மாத்திரை பற்றிக் கேட்டார், ஊசியும் போட்டார். யாரும் அவரை ஊருக்கு அனுப்பவில்லை. அந்த ஆண்டு எங்கள் சைட்டில் ஊசி வேண்டாம் என்று சொன்ன தமிழர் ஒருவர்கூட இல்லை. பட்டியல் செய்யாததை, தமிழில் பேசிய இருபது நிமிடம் செய்தது.

நானும் போட்டுக்கொண்டேன். காசு ஒரு வெள்ளி கேட்கவில்லை. அந்த நாட்டுக் குடிமகனுக்கு என்ன மருந்தோ அதே மருந்துதான் எனக்கும். அந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சிரிப்பு என்னவென்றால், 24 வயதுக்காரன் எனக்கு அங்கே ஊசி போட்டாகிவிட்டது. ஊரில் 58 வயது அப்பா, விவேக் செய்தியைக் கேட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கமே போகாமல் இருக்கிறார். வீடியோ காலில் கையைக் காட்டி, "அப்பா, போட்டுக்கிட்டு உசுரோடதானே பேசிக்கிட்டு இருக்கேன்!" என்றேன். அடுத்த வாரம் போய்ப் போட்டுக்கொண்டார். அந்த மே மாதம் நம் ஊரில் ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஊசி ஒன்று, விதி இரண்டு

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஊசி போட்டால் கதவு திறக்கும் என்று நினைத்தோம். 2021 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல், ஊசி போட்டுக்கொண்டவர்கள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அனுமதி வந்தது. ஆகஸ்ட் 29ஆம் தேதி, நாட்டில் 80 விழுக்காட்டினருக்கு இரண்டு ஊசியும் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். விடுதிகளில் அதைவிடக் கூடுதலாகவே முடிந்திருந்தது. நகரம் திறந்தது. எங்கள் வாசல்?

வேலைக்குப் போகலாம், வரலாம். தொழிலாளர் பொழுதுபோக்கு மையத்துக்கு முன்பதிவு செய்து போகலாம். அவ்வளவுதான். செப்டம்பர் மாதம் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. ஊசி போட்ட விடுதித் தொழிலாளர்களில் வாரத்துக்கு 500 பேர் லிட்டில் இந்தியா, கேலாங் சராய் போய் வரலாம். வாரத்துக்கு 500 பேர்! கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும். ஆண்டுக்கு 26,000 பேர். மூன்று லட்சம் பேரில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை தேக்கா போய் வர பதினோரு வருடத்துக்கு மேல் ஆகும். பின்னால் அதை நாளுக்கு 3,000 பேர் என்று உயர்த்தினார்கள். 2022 ஜூனில்தான் சாதாரண நாட்களில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகலாம் என்று வந்தது. அப்போதும் ஞாயிறும் விடுமுறை நாளும் தேக்கா மாதிரி நாலு இடங்களுக்கு மட்டும் சீட்டு வேண்டும். எங்களுக்கு லீவே ஞாயிற்றுக்கிழமைதானே சார்!

இப்போது அந்த நாமக்கல் சூப்பர்வைசரைப் பாருங்கள். அவரும் நானும் ஒரே சைட். ஒரே ஊசி. ஒரே மதியச் சூடு. அவர் டிப்ளமோ படித்தவர், எஸ் பாஸ். வாடகைக்கு அடுக்குமாடி வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்க அவர் சம்பளம் இடம் கொடுத்தது. நான் விடுதி. ஆகஸ்ட் மாதமே அவர் ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்தார். நான் 2021 டிசம்பரில்தான் தேக்கா போனேன். இருபது மாதம் கழித்து. அந்த இருபது மாதமும் எங்களுக்கு வெற்றிலையும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கும்போதெல்லாம், ஏதோ தப்புப் பண்ணியவர் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். அவர் என்ன தப்புப் பண்ணினார்?

வைரஸுக்கு யார் விடுதி, யார் வீடு என்று தெரியாது. விதிக்குத் தெரிந்தது.

அன்றைக்குத் தேக்காவில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு கடையில் உட்கார்ந்து தட்டில் தோசை சாப்பிட்டேன். பொட்டலம் இல்லை, தட்டு. ஆறிப்போனது இல்லை, கல்லிலிருந்து வந்தது. இரண்டாவது தோசை கேட்கும்போது எனக்குக் குரல் வரவில்லை. பரிமாறியவர் புரிந்துகொண்டு, கேட்காமலேயே சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்.

"கூட்டமாக இருக்கிறார்கள், மறுபடியும் பரவினால் என்ன செய்வது? அதனால்தான் கட்டுப்பாடு" என்று சிலர் சொல்வார்கள். என் அறை நண்பனே அப்படித்தான் வாதாடினான். 2020 ஏப்ரலில் அது சரி. ஊசி இல்லாத நேரத்தில் கதவை மூடியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊசி போட்ட பிறகும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்த பிறகும், கூட்டமாக இருப்பதற்குத் தண்டனை அந்தக் கூட்டத்தில் படுத்திருப்பவனுக்கா? 12 பேரை ஒரு அறையில் போடச் சொன்னது நானா? அறை தப்பு என்றால் அறையைத் திருத்த வேண்டும், மனிதனைப் பூட்டக் கூடாது.

அறைதான் தப்பு என்பதை அந்த நாடும் உணர்ந்தது. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்குப் புதிய அளவு அறிவித்தார்கள். ஒரு அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. முன்பு 15 பேருக்கு ஒன்று! சிவில் பிரிவு நண்பர்களே, இந்த நாலு வரியைக் கவனித்துப் படியுங்கள். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி இல்லை? ஆனால் இது பில்டிங் டிராயிங். தொற்று நோய்க்குப் பாதி மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. மீதிப் பாதி நம்ம டிராயிங் ஹாலில் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

'சரிண்ணா, கொரோனா போயிடுச்சு. பழைய கதை எதுக்கு?' என்று கேட்பீர்கள்.

நம்மில் பாதிப் பேராவது வெளிநாடு போகும் கனவில் இருக்கிறோம். போவது தப்பில்லை. ஆனால் ஏஜெண்டிடம் நாம் கேட்பது ஒரே கேள்வி: "சம்பளம் எவ்வளவு?" இனிமேல் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர்? மருத்துவக் காப்பீடு எவ்வளவு? நோய் வந்தால் லீவும் சம்பளமும் உண்டா? வேலை அனுமதிக் கடிதம் தமிழில் எங்கே? சிங்கப்பூர் போகும் தொழிலாளிக்கு அந்தக் கடிதம் அவரவர் தாய்மொழியிலும் கொடுக்கப்படுகிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியது நம் உரிமை.

அடுத்தது, நோயை மறைக்காதீர்கள். பழைய மருத்துவச் சீட்டு, போட்ட ஊசிகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். என் சித்தப்பா மகன் 2021ல் வளைகுடா வேலைக்குக் காத்திருந்தான். கோவாக்சின் போட்டிருந்தான். அந்த ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுத்தது 2021 நவம்பர் 3ஆம் தேதி. அதுவரை அவன் போக வேண்டிய இடத்தில் அது செல்லாது என்று நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஊசி உடம்புக்குள் வேலை செய்தால் மட்டும் போதாது, காகிதத்திலும் வேலை செய்ய வேண்டும்!

மூன்றாவதுதான் முக்கியம். டிப்ளமோ முடித்துப் போகிறவர்களில் நிறையப் பேர் சூப்பர்வைசராகப் போவோம். இங்கேயே இருந்தாலும் சைட் இன்ஜினீயர், ஷிஃப்ட் இன்சார்ஜ் என்று ஏதாவது ஒரு பட்டியல் நம் கைக்கு வரும். கதவின் அந்தப் பக்கம் தொழிலாளி, இந்தப் பக்கம் ஆபீஸ். நடுவில் நிற்கப் போவது நாம். பட்டியலைப் பார்த்து "யார் யார் போடலை?" என்று கேட்கும் ஆளாக இருக்கப் போகிறோமா? இல்லை, பாரத்தை வாங்கி, உட்கார வைத்து, புரியும் மொழியில் சொல்லி, பிரஷர் உள்ள அண்ணனோடு டாக்டரிடம் கூடப் போகும் ஆளாக இருக்கப் போகிறோமா? நான் படிக்க வந்ததற்குக் காரணம் எஸ் பாஸ் சம்பளம் மட்டும் என்று நினைத்தால் அது பாதிதான் உண்மை. அந்த நாமக்கல் அண்ணன் நின்ற இடத்தில் ஒரு நாள் நானும் நிற்க வேண்டும்.

கடைசியாக, அதற்கு சிங்கப்பூர் வரை போக வேண்டியதுகூட இல்லை. நாம் தினமும் பஸ்ஸில் வரும் வழியில் பாலம் கட்டும் வேலை நடக்கிறதே, அதன் ஓரத்தில் நீல நிறத் தகர ஷெட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் அதற்குள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு ஷெட்டில் எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினாறு. ஜன்னல் ஒன்று. எங்கள் 12 கட்டில் அறை எனக்கு அரண்மனையாகத் தெரிந்தது. அவர்களில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டி, ஒரு நாளைக்கு எத்தனை என்று சைகையில் கேட்டான். அட்டையில் இருந்தது இங்கிலீஷ். மருந்துக் கடைக்காரர் சொன்னது தமிழ். அவனுக்குத் தெரிந்தது ஒடியா.

அங்கே நான் எப்படி நின்றேனோ, அப்படியே இங்கே அவன் நிற்கிறான். "வடக்கத்தியான்" என்று சொல்லிவிட்டு நாம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது, தெரிந்தது. உங்களுக்கு வராமலேயே தெரியட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை. வருடா வருடம் ரத்த தான முகாம் நடத்துகிறோம், நல்ல காரியம். இந்த வருடம் அந்த முகாமை ஒரு நாள் அந்தத் தகர ஷெட் பக்கமும் கொண்டு போவோம். ரத்தம் எடுக்க அல்ல. பிரஷர், சர்க்கரை பார்க்கவும், காய்ச்சல் வந்தால் எங்கே போக வேண்டும் என்று அவர்கள் மொழியில் ஒரு தாள் ஒட்டவும். இந்தி தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் வந்தால் போதும். நான் வருகிறேன்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் ஊசி கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். கையில் போட நர்ஸுகள் இருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள்?

நாம் இருப்போம் நண்பர்களே!



— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை